5 ஏக்கர் மனைப்பிரிவு, மதுரை ஒத்தக்கடை பக்கம்: ஜனங்க நடந்து போற மாதிரி தெரு அமைக்க வரைபடத்துல என்ன மாத்தணும்?

யானைமலை_அடிவாரம் எழுதியது:

ஒத்தக்கடையிலிருந்து திருமோகூர் போற வழியில உள்ளே தள்ளி பங்காளிகளுக்குப் பொதுவா 5 ஏக்கர் புஞ்சை இருக்கு. கிழக்கு மேற்கா 605 அடி, தெற்கு வடக்கா 360 அடி. கிழக்குப் பக்கம் பஞ்சாயத்து ரோடு. மனை போடுறதுன்னு முடிவாகி, புரமோட்டர் ஒரு லேஅவுட் வரைஞ்சு கொடுத்திருக்கார். இன்னும் அப்ரூவலுக்குப் போகலை.

அவர் வரைஞ்சது இதுதான்: பஞ்சாயத்து ரோட்டிலிருந்து மேற்கே நேரா ஒரு 30 அடி ரோடு. அதிலிருந்து வடக்கே அஞ்சு, தெற்கே அஞ்சுன்னு 24 அடி சந்து. எல்லாச் சந்தும் காம்பவுண்டு சுவத்துல போய் முட்டும். சுத்தி ஆறடிச் சுவர், முன்னாடி ஆர்ச், ஒரே கேட். பார்க்குக்கு விட்ட இடம் தென்மேற்கு மூலையில, ஓடையை ஒட்டி. மனை எல்லாம் 30க்கு 40, அதாவது 1,200 சதுர அடி.

வடக்கே அரசுப் பள்ளிக்கூடம் நேர்கோட்டுல 350 மீட்டர்தான். ஆனா இந்த வரைபடப்படி கேட் வழியா வெளியே வந்து சுத்திப் போனா 1.4 கிலோமீட்டர். புள்ளைகளை வண்டியில கொண்டு போய் விடாம வேற வழியே இல்லைன்னு ஆயிடும். "கேட் வச்சாத்தான் விக்கும்"னு புரமோட்டர் சொல்றார்.

கேட்க நினைக்கிறது: மனை எண்ணிக்கை ரொம்பக் குறையாம இதை நடக்கத் தோதா மாத்த முடியுமா? 30 அடி ரோட்டுல நடைபாதை சாத்தியமா? உள்ளே நாலு கடை விட்டா ஓடுமா? தெரிஞ்சவங்க அளவோட சொன்னா புரமோட்டர்கிட்ட பேச வசதியா இருக்கும்.

---

கோடும்_ஸ்கேலும்:

நல்ல வேளை, இப்பவே கேட்டீங்க. அடிக்கல் நட்டப்புறம் கேக்கறவங்கதான் அதிகம்.

முதல்ல ஒண்ணு கவனிங்க. உங்க பத்துச் சந்தும் ஏற்கெனவே எல்லை வரைக்கும் போகுது. அடைச்சு வச்சிருக்கிறது சுவர் மட்டும்தான். அதனால சந்துகளைத் திறந்து விடறதுக்கு ஒரு சென்ட் நிலம்கூடச் செலவில்லை. நேர்கோட்டுத் தூரத்தை நடக்கற தூரத்தோட ஒப்பிட்டுப் பாருங்க: 350க்கு 1,400, நாலு மடங்கு. ஒன்றரை மடங்கைத் தாண்டினாலே மனுஷன் வண்டிச் சாவியைத் தேட ஆரம்பிச்சுடுவான். வடக்குப் பக்கம் ரெண்டு சந்து, தெற்கே ஒண்ணு, மேற்கே நடு ரோடு, இந்த நாலு முனையும் எல்லைக்கல் வரைக்கும் தெருவாகவே வரைபடத்துல இருக்கணும். இன்னைக்குப் பக்கத்து நிலம் வெறும் புஞ்சையா இருந்தாலும், நாளைக்கு அங்கேயும் மனை விழும். அன்னைக்கு ரெண்டு தெருவும் தானா சேர்ந்துடும். ஒத்தக்கடையிலிருந்து ஊமச்சிகுளம் வரைக்கும் புறநகர்ல நீங்க பார்க்கற சிக்கல் இதுதான்: பத்து லேஅவுட் அடுத்தடுத்து இருக்கும், ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குப் போக மெயின் ரோட்டுக்கு வந்துதான் திரும்பணும்.

ரெண்டாவது, நடு ரோட்டை 40 அடி ஆக்குங்க. எவ்வளவு நஷ்டம்னு கணக்குப் போட்டுடலாம். மொத்தம் 2,17,800 சதுர அடி. புரமோட்டர் வரைபடத்துல நடு ரோடு 30 × 605 = 18,150. சந்து ஒவ்வொண்ணும் 24 × 165, பத்துக்கும் சேர்த்து 39,600. ஆக ரோடு 57,750, அதாவது 26.5 சதவீதம். மீதி 1,60,050. இதுல 10 சதவீதம் திறந்தவெளி (ஓஎஸ்ஆர்), 10 சதவீதம் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான மனை, 1 சதவீதம் மின்வாரியத்துக்கும் உள்ளாட்சிக்கும். இது போக 1,26,440. மனைக்கு 1,200ன்னா 105 மனை.

நடு ரோடு 40 அடி ஆனா அது 24,200. ஆனா சந்து நீளம் 165லிருந்து 160 ஆகிடும், பத்துக்கும் 38,400. ஆக ரோடு 62,600. மீதி 1,55,200ல அதே 21 சதவீதத்தைக் கழிச்சா 1,22,608. அதாவது 102 மனை. மூணு மனைதான் குறையுது. ரோடு அகலமானா ஓஎஸ்ஆர் கணக்கும் கொஞ்சம் சுருங்கும். அதைப் பலரும் சேர்த்துப் பார்க்கறதில்லை, அதான் நஷ்டம் பெரிசாத் தெரியுது. 40 அடி ரோட்டு மனைக்கு விலை கூட வச்சு அந்த மூணையும் ஈடுகட்டிடலாம்னு புரமோட்டருக்கே தெரியும்.

இந்த 160 அடியில இன்னொரு வசதி இருக்கு. 30 அடி முகப்புல நாலு மனை, நடு ரோட்டு முனையில 40 அடி முகப்புல ஒரு மனை: 4 × 30 + 40 = 160. மூலை மனை 40க்கு 40 வருது.

மூணாவது, பார்க். ஓடைக்கரை மூலையில விட்டா அது பார்க் ஆகாது, சீமைக்கருவேலக் காடாகும். ஒதுக்குப்புறத்துல இருக்கற இடத்துக்குப் பொம்பளைப் பிள்ளைகளைச் சாயங்காலம் யாரும் அனுப்ப மாட்டாங்க. நடு ரோட்டுக்கு வடக்கே, ரெண்டாவது மூணாவது சந்துக்கு நடுவிலே வைங்க. ரெண்டு சந்துக்கு நடுவுல இப்ப 80 அடி இருக்கு. உங்க நீளத்துல அஞ்சு சந்தும் பத்து வரிசை மனையும் போக 85 அடி மிச்சம் நிக்குது, அதுல 17 அடியை எடுத்து இங்கே சேருங்க. 97 × 160 = 15,520 சதுர அடி. 1,55,200ல 10 சதவீதமும் அதேதான். பார்க்குக்கு மூணு பக்கம் தெரு வரும், எதிரே வீட்டு வாசல்கள் வரும். சுவர் மூன்றடிக்கு மேல வேண்டாம், அதுக்கு மேல கம்பி. வடக்குப் பக்கமும் ஒரு சின்ன கேட்.

புரமோட்டர் மேல ஒரேயடியாகக் கோபப்பட வேண்டாம். சந்தெல்லாம் தெற்கு வடக்கா ஓடறதுக்குக் காரணம், கிழக்குப் பார்த்த மனை விக்கும், தெற்குப் பார்த்தது தேங்கும். அந்த ஏற்பாடு நிழலுக்கும் நல்லது. அதே மாதிரி அவர் முச்சந்தியைத் தவிர்ப்பார், எதிர் மனை தெருக்குத்துன்னு விலை போகாது. எங்கேயாவது முச்சந்தி தேவைப்பட்டா, குத்து விழற இடத்துல பொதுப் பயன்பாட்டுக்குன்னு விடற அந்த 1 சதவீத நிலத்தை வச்சுடுங்க. தண்ணித் தொட்டிக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் தெருக்குத்து கிடையாது.

கடை விஷயம்: நூறு வீட்டை மட்டும் நம்பி உள்ளே நடுவுல கடை வச்சா ஆறு மாசத்துல ஷட்டர் இறங்கிடும். பஞ்சாயத்து ரோடும் நடு ரோடும் சேர்ற முனையில ரெண்டு மூலை மனையைக் கடை மனைன்னு அனுமதி வரைபடத்துலயே குறிங்க. போறவர்ற ஜனமும் வாங்கும், உள்ளே இருக்கறவங்களும் வாங்குவாங்க. நடு ரோட்டோட மேற்குக் கடைசியிலேர்ந்து 605 அடி, அதாவது 184 மீட்டர், ரெண்டரை நிமிஷ நடை. மாவு, பால், மளிகை, டீக்கடை இந்த வகைதான் நிக்கும். தேய்ப்பு வண்டிக்கும் பார்க் ஓரத்துல ஒரு மர நிழலை இப்பவே ஒதுக்கிடுங்க. இல்லேன்னா அது நடைபாதை மேலதான் ஏறும்.

---

அளவைக்கல்:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் இது காகிதத்தில் எப்படி நிற்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

1. வடக்கே பள்ளிக்கூடம் வரை பொது வழி உண்டா என்று முதலில் பாருங்கள். உங்கள் சர்வே எண்ணுக்கும் வடக்கே உள்ள எண்களுக்கும் எஃப்எம்பி (நில அளவைப் புத்தக) வரைபடம் எடுத்து, இரட்டைக் கோட்டில் வண்டிப்பாதை போகிறதா என்று பார்க்க வேண்டும். 'அ' பதிவேட்டில் அந்த உட்பிரிவு வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருந்தால் அது யாருடைய வரப்பும் அல்ல. தாசில்தாரிடம் மனு கொடுத்து அளந்து கல் நடலாம். பட்டா நிலத்துக்குள் பழக்கத்தால் வந்த ஒற்றையடிப் பாதை என்றால் கதை வேறு. அந்த நிலத்துக்காரர் நாளை வேலி போடலாம். அப்போது அவரிடம் 10 அடி அகலத்துக்குப் பாத்தியதை (வழி உரிமை) எழுதி வாங்கிப் பதிவு செய்வதுதான் வழி.

2. தெரு "எல்லை வரை" என்று வரைபடத்தில் இருந்தால் போதாது. கடைசியில் ஓரடி அகலத்துக்கு ஒரு கீற்றைத் தனி மனையாகவோ "புரமோட்டர் ஒதுக்கீடு" என்றோ சிலர் நிறுத்திக்கொள்வது உண்டு. பிறகு பக்கத்து நிலத்துக்காரன் வழி கேட்டால் அந்த ஓரடிக்கு விலை பேசலாம் என்பதுதான் கணக்கு. தெருக் கோடு சர்வே எல்லைக் கோட்டைத் தொடுகிறதா என்று ஒவ்வொரு முனையிலும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

3. ரோட்டையும் பூங்காவையும் தானப் பத்திரம் மூலம் ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்த பிறகுதான் இறுதி ஒப்புதல் வரும். கொடுத்த அன்றிலிருந்து அவை பொதுத் தெருக்கள். அப்புறம் ஆர்ச்சுக்குக் கீழே கேட்டைப் பூட்டுவதற்குக் குடியிருப்போர் சங்கத்துக்கோ புரமோட்டருக்கோ உரிமை கிடையாது. "கேட்டட் கம்யூனிட்டி" என்று விளம்பரம் செய்து விற்றுவிட்டு ரோட்டைத் தானம் கொடுத்தால், வாங்கியவர் பின்னால் கேள்வி கேட்பார். ஆர்ச் வேண்டுமானால் இருக்கட்டும், கதவு வேண்டாம்.

4. மாற்றம் எதுவானாலும் விற்பனைக்கு முன்பே செய்யுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்பதால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதியாமல் விளம்பரமே செய்ய முடியாது. பதிந்து விற்ற பிறகு வரைபடத்தை மாற்ற, வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும் என்று 2016 சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. நூறு பேரில் 67 கையெழுத்து வாங்குவதைவிட இப்போது ஒரு தாளை மாற்றி வரைவது எளிது.

5. ஓடை. நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று எப்படியும் கேட்பார்கள். ஓடைக்கரையை மனைக்கோ பூங்காவுக்கோ கணக்கில் சேர்க்காமல் அப்படியே விட்டு, கரையை ஒட்டி நடக்க இடம் விடுங்கள். உங்கள் தெரு மழைநீர் கடைசியில் அங்கேதான் போக வேண்டும். ஓடையை ஒடுக்கிவிட்டு வாறுகாலை எங்கே கொண்டுபோய் விடுவீர்கள்?

24 அடிச் சந்து பற்றி ஒரு வார்த்தை. 2019 கூட்டு வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் தெருவின் நீளம் கூடக்கூடக் குறைந்தபட்ச அகலமும் கூடும். வடக்கு, தெற்குச் சந்துகள் நேருக்கு நேர் சேர்ந்தாலும் மொத்தம் 360 அடி, 110 மீட்டர்தான். ஆனால் பக்கத்து மனைப்பிரிவுத் தெருவோடு சேர்த்து நீட்டும் சந்துகளை மட்டும் 30 அடியாக வைத்துக்கொள்வது பின்னாளில் சிக்கல் இல்லாமல் இருக்கும்.

---

யானைமலை_அடிவாரம்:

ரொம்ப நன்றி. எஃப்எம்பி எடுத்தேன், வடக்கே இரட்டைக் கோடு இருக்கு. தாலுகா ஆபீசுக்குப் போகணும். 102 மனைக் கணக்கைக் காட்டினதும் புரமோட்டர் கொஞ்சம் இறங்கி வந்துட்டார். இப்ப அவர் கேக்கறது: "நடைபாதை போட்டா யார் நடக்கறா? எல்லாரும் ரோட்டுலதான் நடக்கறாங்க. பைக் நிறுத்தத்தான் ஆகும்." இதுக்கு என்ன சொல்ல?

---

வாறுகால்:

அவர் சொல்றதுல பாதி உண்மை. மதுரையில போட்ட நடைபாதைகள்ல பாதிக்கு மேல நடக்கவே முடியாது, அதனால ஜனம் ரோட்டுல நடக்குது. ஏன் முடியலைங்கறதுக்குக் காரணம் எல்லாம் கட்டும்போதே விடற தப்பு. ஒவ்வொண்ணாச் சொல்றேன்.

24 அடிச் சந்துல நடைபாதையே வேண்டாம். 7.2 மீட்டர்ல ரெண்டு பக்கமும் நடைபாதை போட்டா பக்கத்துக்கு முக்கால் மீட்டர் கிடைக்கும், அதுல போஸ்ட் நடுவாங்க. அதுக்குப் பதிலா நடுவுல 4.2 மீட்டர் பேவர் பிளாக், ரெண்டு ஓரமும் 1.5 மீட்டர் மண் விளிம்பு, அதுல மரமும் மூடின வாறுகாலும். மேடு பள்ளம் இல்லாம ஒரே மட்டம். தீயணைப்பு வண்டிக்கு 3.7 மீட்டர் தடையில்லாம இருந்தா போதும். கார் தானா மெதுவாத்தான் போகும், புள்ளைக விளையாடும். தண்ணி லாரி வர்ற இடம்கறதால பிளாக் 80 மில்லிமீட்டர், எம்40 தரம் (ஐஎஸ் 15658 படி நடுத்தரப் போக்குவரத்துக்கு உள்ளது). 60 மில்லி போட்டா லாரிச் சக்கரம் போன தடம் பள்ளமாகிடும். பிளாக்குக்குக் கீழே மணல் படுகை 25 மில்லி போதும். கீழே கெட்டிக்கிற வேலையைச் சரியாச் செய்யாம மணலைக் கூடுதலாக் கொட்டி மட்டம் பண்ணுவாங்க பாருங்க, அதுதான் முதல் மழையில உள்வாங்கற இடம்.

40 அடி நடு ரோட்டுலதான் நடைபாதை. 12 மீட்டரைப் பிரிக்கற விதம், வடக்கிலிருந்து தெற்கா: நடைபாதை 2.0, வண்டிப் பாதை 6.0, மரமும் பைக் நிறுத்தமும் மாறி மாறி வர்ற பட்டை 2.0, தெற்கு நடைபாதை 2.0. மிச்சம் வர்ற கொஞ்சம் நடைபாதை விளிம்புல வைக்கற கெர்ப் கல்லுக்குப் போயிடும். புரமோட்டரோட "பைக் நிறுத்துவாங்க"ங்கற பயத்துக்குப் பதில் அந்த 2 மீட்டர் பட்டைதான். நிறுத்த இடம் விட்டா நடைபாதை தப்பிக்கும். குடியிருப்புத் தெருவுக்குக் குறைஞ்சது 1.8 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரம் எந்தத் தடையும் இல்லாம இருக்கணும்னு இந்திய சாலைக் காங்கிரஸ் ஐஆர்சி 103ல சொல்லியிருக்கு. அந்த 1.8க்குள்ள மின் போஸ்ட், பில்லர் பாக்ஸ், விளம்பரப் பலகை, மரம் எதுவும் வரக் கூடாது. எல்லாத்தையும் மரப் பட்டையில தள்ளுங்க. மரப் பட்டை இல்லாத வடக்குப் பக்கம் மின் போஸ்ட்டைக் கெர்ப்பை ஒட்டி நட்டா 1.8க்குக் குறையாது.

கெர்ப் உயரம் 150 மில்லிக்கு மேல போகவே கூடாது. ஊருக்குள்ள ஒன்றடி உயர நடைபாதை பார்த்திருப்பீங்க. பெரியவங்க ஏற முடியாது, ஏறினவங்க ஒவ்வொரு வீட்டு கேட்டிலயும் இறங்கி ஏறணும். அதான் ரோட்டுலயே நடக்கறாங்க. வீட்டு வாசல்ல நடைபாதை அதே மட்டத்துல தொடர்ந்து போகணும், கார் ஏற வேண்டிய சாய்வு கெர்ப் ஓரத்துல அரை மீட்டருக்குள்ளயே முடியணும். கார்தான் நடைபாதையைக் கடக்குது, நடைபாதை காரைக் கடக்கலை.

இதைக் கெடுக்கறது மனை மட்டம். இதை அடிக்கோடு போட்டு வச்சுக்கோங்க. வீடு கட்டறவங்க ரோட்டைவிட ரெண்டு மூணு அடி மேல பேஸ்மட்டம் ஏத்துவாங்க, அப்புறம் கார் ஏத்த கேட்டுக்கு வெளியே கான்கிரீட் சாய்வு போடுவாங்க. ரெண்டடி உயரத்துக்கு 1:8 சாய்வுன்னா 16 அடி நீளம் வேணும். அவங்க அஞ்சடியில முடிப்பாங்க, அதுவும் வாறுகாலையும் நடைபாதையையும் முழுங்கிட்டு. நூறு வீட்டுல அறுபது பேர் இதைச் செய்தா நடைபாதைன்னு ஒண்ணு இருக்காது. தடுக்க வழி: ரோட்டு நடுமேட்டிலிருந்து மனை வாசல் மட்டம் 150 மில்லி உயரம்னு முதல்லயே மண் அடிச்சுக் கொடுத்துடணும். கார் சாய்வு காம்பவுண்டுக்குள்ளதான்னு கிரயப் பத்திரத்துல ஒரு நிபந்தனை எழுதணும். இவங்க மேடேத்தறதுக்கு ஒரு நியாயமும் இருக்கு. ஊராட்சி பழைய தாரைச் சுரண்டாம அதுமேலயே புதுத் தாரை ஊத்தி ரோட்டை உசத்திடும்னு பயம். அதனால பேவர் பிளாக் ரோடு இங்கே கூடுதல் லாபம், பிரிச்சு அதே மட்டத்துல திருப்பிப் பதிக்கலாம்.

வாறுகால்: நடைபாதைக்குக் கீழே போகட்டும், உள் அகலம் 450லிருந்து 600 மில்லி. வாட்டம் 1:250 வச்சா 160 அடிச் சந்துக்கு ஏறத்தாழ 200 மில்லி இறக்கம் வருது. இந்த இறக்கத்தை முதல்லயே ஓடை மட்டத்தோட பொருத்திப் பார்த்துடுங்க. கடைசியில ஓடையைவிட வாறுகால் தாழ்ந்து போனா தண்ணி திரும்பி வரும். மூடி 100 மில்லி தடிமன் வார்ப்புப் பலகை, கைப்பிடி ஓட்டையோட, ரெண்டு பேர் தூக்கற எடை. ஒரேயடியா மேலே கான்கிரீட் போட்டு மூடினா தூர் வார உடைக்கணும், உடைச்சது திரும்ப ஒட்டாது. மழைத்தண்ணி இறங்க கெர்ப்புல 300 மில்லி திறப்பு, உள்ளே மண்டி தங்க ஒரு தொட்டி. சாக்கடையை இதுல விடக் கூடாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் வழிஞ்சு இதுலதான் வரும்னா, நாத்தத்துக்கு யாரும் அந்தப் பக்கம் நடக்க மாட்டாங்க.

முனை வளைவு: சந்து நடு ரோட்டைத் தொடற இடத்துல கெர்ப் வளைவு ஆரம் 3 மீட்டர் போதும். 9 மீட்டர் வச்சு வளைச்சா பைக்காரன் வேகம் குறைக்காமத் திரும்புவான், நடக்கறவன் கடக்க வேண்டிய தூரமும் கூடும். விதிப்படி மூலை மனையில கோணலா வெட்டற ஸ்பிளே, பார்வைக்காக மனை எல்லையில வெட்டறது. கெர்ப்பும் அதே மாதிரி வளையணும்னு கட்டாயம் இல்லை. இதை ரெண்டையும் ஒண்ணாப் போட்டு வரையறது வழக்கமாப் போச்சு.

184 மீட்டர் நேர் ரோடு, பசங்க பறப்பாங்க. ரெண்டு இடத்துல, பார்க் வாசல்லயும் கடை முனைக்கு உள்ளேயும், சாலையையே 100 மில்லி தூக்கி மேடை மாதிரி கட்டுங்க. மேலே 4 மீட்டர் தட்டை, ரெண்டு பக்கமும் ஒன்றேகால் மீட்டர் சாய்வு. ஒன்றடி அகலத்துல தாரைக் குவிச்சு வைக்கற வேகத்தடை வேண்டாம். அதுல ஆட்டோவுல போற கர்ப்பிணிக்குத்தான் கஷ்டம், பல்சர்காரன் ஓரமா வளைச்சுப் போயிடுவான். ஐஆர்சி 99ல சொல்ற வேகத்தடையே 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். 30 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி பிரேக் போட்டு நிக்க ஏறத்தாழ 13 மீட்டர், 50ல வந்தா 28 மீட்டர். பார்க் வாசல்ல அந்த வித்தியாசம் என்னன்னு விளக்க வேண்டியதில்லை.

கடைசியா, வேலை வரிசை. வாறுகால், அப்புறம் தண்ணிக் குழாய், மின்சாரத்துக்கும் கேபிளுக்கும் ரோட்டுக்குக் குறுக்கே ரெண்டு மனைக்கு ஒண்ணுன்னு 110 மில்லி பிவிசி காலிக் குழாய், அப்புறம் கெர்ப், அப்புறம் ரோடு. நடைபாதை பிளாக் இப்ப போடாதீங்க. வீடு கட்ட வர்ற செங்கல் லாரியும் ஜல்லிக் குவியலும் ஒரே வருஷத்துல நாசம் பண்ணிடும். கெர்ப் வச்சு, உள்ளே கிராவல் அடிச்சு கெட்டிச்சு விட்டுடுங்க, அதுலயே நடக்கலாம். பாதிக்கு மேல வீடு எழும்பினப்புறம் பிளாக். அதுக்கான பணத்தை மனைக்கு இவ்வளவுன்னு கிரயத்தப்பவே தனிக் கணக்குல வாங்கி வைக்கணும். பின்னாடி வசூல் பண்ணிக்கலாம்னு விட்டா அது நடக்காது.

---

சித்திரைத்தேர்:

இவ்வளவு எதுக்கு? நம்ம ஊரே நடக்கறதுக்குக் கட்டின ஊர். கோயிலைச் சுத்தி ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளின்னு வீதி. அதே மாதிரி நடுவுல பார்க் வச்சுச் சதுரம் சதுரமாப் போட்டா போச்சு.

---

கோடும்_ஸ்கேலும்:

வடிவத்தை எடுத்து வச்சா மட்டும் அது வந்துடாது. மாசி வீதியில நடக்க முடியறதுக்குக் காரணம் நடுவுல வேலை, கடை, கோயில், பஸ் எல்லாம் இருக்கறது. வீதிக்கும் வீதிக்கும் நடுவுல குறுக்குச் சந்து நெருக்கமா இருக்கறது இன்னொண்ணு. சித்திரை வீதியில வண்டிப் போக்குவரத்தைத் தடுத்த பிறகு அங்கே நடக்கற சுகம் எல்லாருக்கும் தெரியும். 5 ஏக்கர்ல சதுரத்துக்குள்ள சதுரம் போட்டா ரோடே 40 சதவீதம் தின்னுடும், மூலைக்கு மூலை கோணல் மனை விழும். எடுத்துக்க வேண்டியது அந்தக் குறுக்குச் சந்துகளை. இவருடைய நிலத்துல அது நூறடிக்கு ஒண்ணுன்னு ஏற்கெனவே அமைஞ்சிருக்கு.

---

வெக்கை:

நிழல் பத்தி யாரும் முழுசாப் பேசலை. மதுரையில மார்ச்சிலிருந்து ஜூன் வரைக்கும் காலை பத்து மணிக்கு மேல, நிழல் இல்லாத நடைபாதை எவ்வளவு அகலமா இருந்தா என்ன?

நம்ம ஊர் ஏறத்தாழ 9.9 பாகை வடக்கு. ஏப்ரல் நடுவுல சூரியன் உச்சிக்கு வந்து, அப்புறம் ஆகஸ்ட் கடைசி வரைக்கும் நடுப்பகல்ல வடக்கே சாய்ஞ்சு நிக்கும். வெயில் கொளுத்தற மாசம் பெரும்பாலும் இதுக்குள்ளதான் வருது. கிழக்கு மேற்கா ஓடற நடு ரோட்டுல சாயங்கால வெயில் தெரு நீளத்துக்கு நேரா அடிக்கும், வீட்டுச் சுவர் உதவாது, மரம் ஒண்ணுதான் கதி. அதனால வாறுகால் சொன்ன அந்த 2 மீட்டர் மரப் பட்டை தெற்கு நடைபாதைக்கு வடக்கே இருக்கறது ரொம்பச் சரி: கோடையில மர நிழல் தெற்கே விழுந்து நடைபாதையை மூடும். மார்கழி, தை மாசத்துல சூரியன் தெற்கே போனா தெற்கு வரிசை வீடுகளே நிழல் கொடுக்கும். மின் போஸ்ட் எல்லாம் வடக்குப் பக்கம் போகட்டும். போஸ்ட்டும் மரமும் ஒரே பக்கம் வந்தா மின்வாரியம் வருஷா வருஷம் வந்து மரத்தை மொட்டையடிக்கும், அதுல தப்பும் சொல்ல முடியாது.

தெற்கு வடக்குச் சந்துகள்ல மதியத்துக்கு மேல மேற்கு ஓரத்துல வீட்டு நிழல் விழும். மரம் நடறதா இருந்தா கிழக்கு ஓர வரிசைக்கு முன்னுரிமை கொடுங்க, மேற்கு வெயில் வாங்கற வாசல்கள் அதுதான்.

நடு ரோட்டுக்குப் புங்கை, எட்டு மீட்டருக்கு ஒண்ணு. 184 மீட்டருக்கு 23 கன்னு. ரெண்டு மரத்துக்கு நடுவுல நாலஞ்சு பைக் நிறுத்தலாம். வேம்பும் பூவரசும் பார்க்குக்குள்ள. சந்துல கம்பிக்குக் கீழே வர்ற இடத்துல செம்மந்தாரை, சரக்கொன்றை மாதிரி சின்ன மரம். குல்மோகர் வேண்டாம், ஆடிக் காத்துக்குக் கொப்பு முறிஞ்சு விழும். கோனோகார்ப்பஸ் சீக்கிரம் வளருதுன்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. குழி 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம். சுத்தி சிமெண்ட் பூசி மூடக் கூடாது, குழிக்கும் வாறுகால் சுவருக்கும் நடுவுல அரை மீட்டராவது மண் இருக்கணும். தண்ணிக்கு: ரோடு போடற முன்னாடியே மழைக்காலத்துல, ஐப்பசியில நட்டுடுங்க. வீடு வர்ற ரெண்டு மூணு வருஷத்துல மரம் ஆள் உயரம் தாண்டிடும். ஆடுமாடு மேயற இடம், கூண்டு இல்லாம நடறது வீண்.

இன்னொண்ணு, லேஅவுட்டுக்கு வெளியே. பஸ் ஏற ஒத்தக்கடைக்குத்தான் போகணும், அங்கே மேலூர் ரோடு நாலுவழிச் சாலை. 2021லிருந்து சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால இந்த நூறு வீட்டுப் பொம்பளைகளும் பஸ்ஸைத்தான் நாடுவாங்க. பஸ்ஸை விட்டு இறங்கி எதிர்ப்பக்கம் வர அவங்க ரோட்டைக் கடக்கணும். மீடியன்ல நின்னு மூச்சு வாங்க 2 மீட்டர் இடம், ரெண்டு பக்கமும் வேகம் குறைக்க ஏற்பாடு, ஒரு உயரமான விளக்கு, இந்த மூணும் கேட்டு மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு மனு கொடுங்க. கலெக்டர் தலைமையில நடக்கற குழு அது, நெடுஞ்சாலைத் துறையும் போலீசும் ஒரே மேசையில இருப்பாங்க. தனித்தனியா ஆபீஸ் ஏறி இறங்க வேண்டாம். மனுவோட கடக்கற இடத்தை வரைஞ்சு, காலை எட்டிலிருந்து ஒன்பது வரைக்கும் எத்தனை பேர் கடக்கறாங்கன்னு எண்ணி எழுதிக் கொடுங்க. எண்ணிக்கை இருந்தா நெடுஞ்சாலைத் துறை பொறியாளரும் அதை மதிப்பீட்டுல சேர்க்க ஒத்துக்குவார்.

---

யானைமலை_அடிவாரம்:

எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துட்டேன். ஒரே ஒரு கேள்வி: சந்துகளைத் திறந்து விட்டா திருட்டுப் பயம்னு பங்காளிகள்ல ரெண்டு பேர் சொல்றாங்க. அவங்களுக்காக வடக்கே ஒரு சந்தை மட்டும் திறந்தா போதுமா?

---

கோடும்_ஸ்கேலும்:

ஒண்ணே ஒண்ணு திறந்தா அதுவே ஆள் நடமாட்டம் இல்லாத மூலையாகி அவங்க பயம் உண்மையாயிடும். ரெண்டு வைங்க, ரெண்டும் பார்க்கை ஒட்டின சந்துகளா இருக்கட்டும். பார்க்குல ஆள் இருக்கும், தெரு விளக்கு அங்கேதான் முதல்ல வரும். சந்து வாய்ல கார் போகாத மாதிரி ரெண்டு கல் தூண் நடுங்க. இடைவெளி 1.2 மீட்டர், சைக்கிளும் தள்ளு வண்டியும் சக்கர நாற்காலியும் போகும், கார் போகாது. ஒரு தூணைக் கழட்டற மாதிரி வச்சுச் சாவியை ஊராட்சியில கொடுங்க, ஆம்புலன்ஸ் வரணும்னா கழட்டிக்கலாம். பக்கத்து நிலத்துல மனை விழுந்து தெரு சேர்றப்ப, தூணை எடுக்கறதா வேண்டாமான்னு அன்னைக்குக் குடியிருக்கறவங்க பேசிக்கட்டும். வரைபடத்துல மட்டும் அது முழு அகலத் தெருவாகவே இருக்கணும்.